நான்காம் மாடி ஞானஸ்நானம்

லிஃப்ட் மெக்கானிக் நான்கு மாடிக்கும் படியேறியே வந்தான். சபையில் ஒருவரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. ஞானஸ்நானம் எடுக்கப் போகிறவன், உடம்பை ஒடுக்குகிறான் போலிருக்கிறது என்று ஒரு சகோதரி மட்டும் மெச்சிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதேகால். பத்து மணிக்கு அவன் ஞானஸ்நானத் தொட்டியில் இறங்க வேண்டும். கையில் வெள்ளை அங்கி வைத்த பை. மூன்றாம் மாடியைத் தாண்டும்போது சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறிப்போகும் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுவான். இருபது வருடப் பழக்கம். ஐந்து பேர். லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றது. கதவு திறந்தது. திறந்த பிறகு ஒரு விரற்கடை கீழே நழுவி மறுபடி நின்றது.

ஐந்து பேருக்கே ஒரு விரற்கடை.

லிஃப்ட் அறுந்து விழும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது சினிமாவில் நடப்பது. தொழில் தெரிந்தவன் பயப்படுவது வேறொன்றுக்கு. கதவு திறந்திருக்கும்போது, ஒருவருடைய ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கும்போது, லிஃப்ட் நழுவக் கூடாது.

லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங் தேய்ந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. மாற்ற வேண்டும், இரண்டு நாள் லிஃப்டை நிறுத்த வேண்டும் என்று சபைச் செயலாளரிடம் அவன் அப்போதே சொன்னான்.

"ரெண்டு நாளா? அடுத்த ஞாயிறு நம்ம புதுக் கூடத்துக்குத் திறப்பு விழா பிரதர். நம்ம ஐயா வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தா கல்வெட்டைத் திறப்பாரு?" என்றார் செயலாளர்.

ஐயா என்பது கட்டடக் கமிட்டித் தலைவர். வாசல் வளைவில், லிஃப்ட் கதவுக்கு மேலே, ஞானஸ்நானத் தொட்டியின் நெற்றியில், குடிதண்ணீர்க் குழாயில், கை கழுவும் தொட்டியில், எங்கே பார்த்தாலும் அவர் பெயர் பளிங்கில் செதுக்கியிருக்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'கல்வெட்டு' என்று பெயர். சபையில் அவர் பெயர் இல்லாத ஒரே பொருள் வேதாகமம்தான் என்று சொல்வார்கள். அதுவும் உண்மையில்லை, முதல் பக்கத்தில் முத்திரை இருந்தது.

பிரேக் போதாதென்று மணி வேறு. ஆறு பேருக்கான லிஃப்ட் அது. ஏழாவது ஆள் கால் வைத்தால் மணி அடிக்கும். கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும். ஆனால் சபையின் பெரியவர்களில் ஒருவரும் தன்னைக் கடைசி ஆளாக ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த நடைக்குக் காத்திருப்பது என்பது பதவியில் ஒரு படி இறங்குவதற்குச் சமம். மணி அடிக்கும், யாரும் இறங்க மாட்டார்கள், லிஃப்டும் நகராது. ஒரு ஞாயிறு இப்படியே ஆராதனை கால் மணி நேரம் தாமதமாகித் தொடங்கியது. பொருளாளரும் செயலாளரும் மூன்று வாரம் ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. கடைசியில் கமிட்டி கூடி, ஜெபத்துடன் ஆரம்பித்து, ஏகமனதாகத் தீர்மானம் போட்டது: மணியைக் கழற்றிவிடுவது.

மெக்கானிக் ஒரு கம்பியைக் கழற்றினான். ஒரு நிமிட வேலை. பிறகு ஆண்டுப் பாதுகாப்புச் சான்றிதழில், 'முழுப் பாரம் ஏற்றி அனைத்தும் சோதிக்கப்பட்டன' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். எதையும் சோதிக்கவில்லை.

அதிலிருந்து அவனுக்கு நிம்மதி போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் விடுகிறேன் என்று மொட்டைமாடியில் இருந்த மெஷின் ரூமுக்கு ஏறிப்போய் உட்கார்ந்துகொள்வான். பிரேக்கின் ஸ்பிரிங்கை ஒவ்வொரு வாரமும் ஒரு சுற்று இறுக்குவான். இப்போது இறுக்க இடமில்லை. மெஷின் ரூமின் தரையில் இரும்புக் கயிறுகள் கீழே இறங்க இரண்டு துவாரங்கள் உண்டு. அதன் வழியாகக் கீழே ஆராதனை நடக்கும் கூடத்திலிருந்து போதகரின் குரல் ஏறிவரும். போதகர் பெரிய பேச்சாளர் இல்லை. பாதி வாக்கியத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் தேடுகிறவர். ஆனால் ஒரு வாரம் அவர் சொன்னது இவன் காதில் பளிச்சென்று விழுந்தது. "பழைய ஆள் தண்ணிக்குள்ள செத்துடறான். வெளிய வர்றது புது ஆள். பழைய ஆள் பண்ணினதுக்காக ஆண்டவர் இந்தப் புது ஆளைத் தண்டிக்கறதில்ல."

எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அவன் அழுதான். அது நிஜமான அழுகைதான். அன்றிலிருந்து ஜெபம் பண்ணவும் ஆரம்பித்தான். பாதி ஜெபத்தில் கயிறு ஓடும் சத்தத்தைக் கவனிக்கப் போய்விடுவான் என்றாலும். ஆனால் அழுகைக்கு நடுவிலும் தொழில்காரன் மூளை ஒரு வேலை செய்தது. கையெழுத்துப் போட்டவன் செத்துவிட்டால் அது செத்தவன் கையெழுத்து. செத்தவன் மேல் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முறை முங்கினால் போதும்.

செத்தவன் கையெழுத்தை நம்பி லிஃப்ட் மட்டும் உயிரோடு ஓடிக்கொண்டிருக்குமே என்ற யோசனையும் வந்தது. அதை அவன் வந்த வழியே அனுப்பிவிட்டான்.

உடை மாற்றும் அறையில் செயலாளர் காத்திருந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

"வாங்க பிரதர். உங்க சாட்சியைக் குழு திருத்திக் கொடுத்திருக்கு. ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க."

தொட்டியில் நின்று, முங்குவதற்கு முன்னால், ஒவ்வொருவரும் தன் பழைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். அதற்கு 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு பத்தி போட்ட படிவம் உண்டு. அதைப் பரிசீலிக்க ஐந்து பேர் கொண்ட சாட்சிக் குழு உண்டு.

மெக்கானிக் வாசித்தான். முகம் மாறியது.

"ஐயா, பதினஞ்சு வருஷம் குடிக்கு அடிமையா இருந்தேன்னு போட்டிருக்கு. நான் குடிச்சதே கிடையாது."

"சோடா குடிச்சிருப்பீங்கல்ல?"

"சோடா வேற ஐயா."

"அதைக் கொஞ்சம் வளர்த்திருக்கோம். நீங்க எழுதினது ரெண்டு வரி. 'ஒரு லிஃப்டைச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டேன், மனசு உறுத்துகிறது.' சொல்லுங்க, இதுக்கு யாராவது அழுவாங்களா? ஒரு கையெழுத்துக்காகவா ஆண்டவர் சிலுவையில தொங்கினாரு? நேரலையில உலகமே பார்க்குது. போன தடவை ஒருத்தர் ஜெயில்ல இருந்ததைச் சொன்னாரு, அதுக்கே நூத்தி எழுபது பேர்தான் பாத்தாங்க."

"பொண்டாட்டியை அடிச்சேன்னு வேற இருக்கு. இதை அவ கேட்டா என்னை உதைப்பா."

"பாத்தீங்களா! வீட்ல சண்டை இருக்குதானே. ஒண்ணுமில்லாமலா குழு எழுதும்?"

எந்த லிஃப்ட் என்று செயலாளர் கேட்கவில்லை. குழுவில் ஐந்து பேரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று மெக்கானிக் மூன்று வாரமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் அங்கியை மாட்டுங்க. பத்து மணிக்குத் தலைமை ஆயர் வந்துடுவாரு. நானும் ஐயாவும் கீழ போய் வரவேற்கணும். பொருளாளரும் வர்றாராம், அவரை யாரு கூப்பிட்டாங்களோ தெரியல."

"எல்லாரும் லிஃப்ட்லயா வருவீங்க?"

"பின்ன, கூடையில உக்கார வச்சுத் தூக்குவாங்களா?"

மெக்கானிக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஒரு வழி தோன்றியது. மேலே போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது. கரண்ட் கோளாறு என்று சொல்லிவிடலாம். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே படியேறுவார்கள். இந்த வாரமே சத்தமில்லாமல் லைனிங்கை மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது.

"ஐயா, மெஷின் ரூம் சாவி கொடுங்க. கொஞ்சம் எண்ணெய் விட்டுட்டு வந்துடறேன்."

மெஷின் ரூம் பூட்டைப் போன மாதம்தான் கல்வெட்டு தன் காணிக்கையாக மாற்றியிருந்தார். சாவி செயலாளரின் இடுப்பு பெல்ட்டில் கொத்தோடு தொங்கியது. செயலாளர் அதைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இன்னிக்கு நீங்க மெக்கானிக் இல்ல, விசுவாசி. வெள்ளை அங்கியில எண்ணெய்க் கறை பட்டா கேமராவுல அசிங்கமா தெரியும்."

"ரெண்டே நிமிஷம் ஐயா."

"எதுக்கு இவ்வளவு பதட்டம்? லிஃப்டுக்கு ஏதாவது பிரச்சினையா?"

கேட்டுவிட்டார். கேள்வி நேராக முகத்துக்கு எதிரே நின்றது. மெக்கானிக் வாயைத் திறந்தான். லைசென்ஸ் போய்விடும். வழக்கு வரும். இருபது வருடத் தொழில்.

"ஒண்ணுமில்ல ஐயா. சும்மா எண்ணெய்தான்."

செயலாளர் போனதும் மனைவிக்குப் போன் போட்டான். அவள் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியோடு டாக்சியில் அழைத்து வந்துகொண்டிருந்தாள்.

"அப்பாவைத் திருப்பி வீட்ல விட்டுடு. நீ மட்டும் வா. படியேறி வா."

"நாலு நாளா இதையே சொல்றீங்க. எங்கப்பா வந்தா உங்களுக்கு அவ்வளவு கேவலமா?"

"அதில்லடி..."

"குடுமா நான் பேசறேன்" என்று மாமனாரின் குரல் கேட்டது. ரயிலில் முப்பத்தைந்து வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். மனிதர்களில் பாதிப் பேர் டிக்கெட் இல்லாதவர்கள், மீதிப் பேர் தவறான வகுப்பில் ஏறியவர்கள் என்பது அவருடைய முடிவு. "மாப்பிள்ளை, நீங்க பரலோகத்துக்குக் கிளம்பறீங்களாமே. சீட்டு கன்ஃபர்மா, வெயிட்டிங் லிஸ்டான்னு நான் நேர்ல பாக்க வேணாமா?"

"மாமா, லிஃப்ட் வந்து..."

"இருக்குன்னு தெரியும். நீங்க பாத்துக்கற லிஃப்ட்தானே? மத்த எதுல இல்லேன்னாலும் அந்த ஒரு விஷயத்துல உங்களை நம்பறேன். வந்துட்டோம், வாசல்லதான் நிக்கறோம்." போன் அணைந்தது.

திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. அதற்குள் கூடத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஒரு சகோதரர் வந்து அவன் போனை வாங்கிவைத்து, கையைப் பிடித்து அழைத்துப்போய்விட்டார்.

தொட்டி மேடையில் இருந்தது. முன்பக்கம் கண்ணாடி, உள்ளே நீல ஓடு, வெந்நீர் வசதி. போதகர் இடுப்பளவுத் தண்ணீரில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். குள்ளமான மனிதர், தண்ணீர் அவருக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது.

"வாங்க தம்பி. படி வழுக்கும், பாத்து."

மெக்கானிக் இறங்கினான். எதிரே இருநூறு முகங்கள். கூடத்தின் கடைசியில் வாசல் திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் லிஃப்ட் கதவு. கதவுக்கு மேலே, கல்வெட்டின் பெயருக்குக் கீழே, மாடி எண் காட்டும் சின்ன விளக்கு. அதில் பூஜ்யம்.

"சாட்சியைச் சொல்லுங்க தம்பி" என்று போதகர் மைக்கை அவன் பக்கம் திருப்பினார்.

"நான்... பதினஞ்சு வருஷமா..."

விளக்கில் ஒன்று.

கூட்டம் பாட்டை நிறுத்தியிருந்ததால் சத்தம் நன்றாகக் கேட்டது. மோட்டாரின் முனகல். அவன் இதுவரை அந்த லிஃப்டில் கேட்டிராத முனகல். ஆறு இல்லை. ஏழும் இல்லை. எட்டு. அதோடு ஒரு சக்கர நாற்காலி. யார் அடுத்த நடைக்கு நிற்பார்கள்? தலைமை ஆயர் நிற்பாரா, கல்வெட்டு நிற்பாரா? நாற்காலியைத்தான் ஓரமாகத் தள்ளிவிட்டு ஏறியிருப்பார்கள்.

விளக்கில் இரண்டு.

"என்ன தம்பி, பயமா இருக்கா?" என்று போதகர் மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, அது இந்த லிஃப்ட்தான்."

"எது?"

மெக்கானிக் மைக்கைப் பிடித்தான். "நான் எழுதிக் கொடுத்தது இந்த லிஃப்டைப் பத்தி. பிரேக் தேஞ்சு போச்சு. மணியைக் கழட்டினவன் நான். சோதிக்காம சோதிச்சேன்னு கையெழுத்துப் போட்டவன் நான். எட்டு மாசமா தெரிஞ்சே விட்டிருக்கேன்."

"ஆமென்!" என்றார்கள் மூன்று பேர், பழக்கத்தில்.

அதற்குள் அவன் தொட்டியிலிருந்து ஏறிவிட்டான். அங்கி காலில் சுற்றியது. இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே ஓடினான். விளக்கில் நான்கு விழுந்தபோது வாசலைத் தாண்டியிருந்தான்.

கதவு திறந்தது. உள்ளே புளிமூட்டை மாதிரி எட்டுப் பேர். முன்னால் கல்வெட்டு, கையில் மாலையோடு. பக்கத்தில் தலைமை ஆயர். பின்னால் செயலாளர், பொருளாளர், ஆயரின் இரண்டு உதவியாளர்கள். எல்லோருக்கும் பின்னால், மூலையில், மாமனாரின் வழுக்கைத் தலையும் மனைவியின் முகமும்.

"வெளிய கால் வைக்காதீங்க!"

"வழி விடுப்பா. யாரு வந்திருக்கறதுன்னு தெரியுதா?" என்று கல்வெட்டு ஒரு காலைத் தூக்கினார்.

மெக்கானிக் அவர் நெஞ்சில் கை வைத்து உள்ளே தள்ளினான். அந்தச் சபையின் சரித்திரத்தில் அவரை யாரும் தொட்டுத் தள்ளியதில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் நழுவியது. ஒரு சாண். நின்றது. மறுபடி நழுவியது. முழங்கால் உயரம் இறங்கி, கிறீச்சென்று நின்றது. கால் வைக்கவிருந்த இடத்தில் இப்போது கான்கிரீட் விளிம்பு இருந்தது. கல்வெட்டு அதைப் பார்த்தார். மாலை கையிலிருந்து விழுந்தது.

"சாவி! செயலாளர் ஐயா, சாவி!"

செயலாளரின் கைகள் இரண்டும் பொருளாளரின் தொப்பைக்கும் சுவருக்கும் நடுவே மாட்டியிருந்தன. "எடுக்க முடியலையே, எடுக்க முடியலையே" என்றார். பின்னாலிருந்து ஒரு வளையல் கை நீண்டது. பெல்ட்டிலிருந்து கொத்தையே பிடுங்கி, தலைகளுக்கு மேலே வெளியே எறிந்தது.

மனைவி அவனைப் பார்த்தாள். எட்டு மாதமாகச் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவன் எதைப் பார்த்தான் என்று அந்த நிமிடம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நிக்காதீங்க, போங்க!" என்றாள்.

மொட்டைமாடிக்கு ஒரே ஓட்டம். மெயினை இறக்கினான். மோட்டாரின் தண்டில் கைச்சக்கரம் ஒன்று உண்டு. கரண்ட் இல்லாதபோது கையால் சுற்றுவதற்கு. அதை இரண்டு கையாலும் பிடித்தான். பிரேக் பாதி பிடித்தது. மீதியை அவன் பிடிக்க வேண்டியிருந்தது. ஈரக் கை வழுக்கியது. அங்கியின் ஓரத்தைச் சக்கரத்தில் சுற்றி, காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டான். கயிற்றுத் துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினான்.

"பாஸ்டர்! பிடிச்சுட்டேன்! ஒவ்வொருத்தரா மேல ஏத்தி விடுங்க! ஒரு ஆள் வெளிய வந்ததும் சத்தமா சொல்லுங்க!"

கீழேயிருந்து குரல்கள் ஏறிவந்தன.

"ஐயா, நீங்க முன்னால போங்க."

"இல்ல இல்ல, ஆயர் ஐயா இருக்கும்போது நானா?"

"நான் யாரு? நான் ஒரு சாதாரண ஊழியக்காரன். நீங்க போங்க."

எட்டு மாதமாக முதலில் ஏற அடித்துக்கொண்டவர்கள், அந்த விளிம்பைத் தாண்ட ஒருவருக்கொருவர் வழி விட்டு நின்றார்கள். தாழ்மை அவர்களை அப்படிப் பிடித்துக்கொண்டது. சக்கரம் மெக்கானிக்கின் கையில் ஒரு அங்குலம் திரும்பியது.

"சீக்கிரம்!" என்று கத்தினான்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. முப்பத்தைந்து வருடம் ரயில் பெட்டி வாசல்களைக் காலி பண்ணிய குரல்.

"யோவ்! என்ன வாசல்ல நின்னு பேச்சு? வாசல்ல நிக்கிறவரு முதல்ல! கையிலிருக்கறதைக் கீழ போடுங்க! மாலையைக் கீழ போட்டவரு, உங்களைத்தான், ஏறுங்க! அடுத்தது தொப்பைக்காரரு! தள்ளாதீங்க, ஒருத்தர் பின்னால ஒருத்தர்!"

"ஒண்ணு!" என்றார் போதகர். அவருக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது சபைக்கே அன்றுதான் தெரிந்தது. "ரெண்டு! மூணு!"

பாரம் குறைந்தது. "நாலு!" சக்கரம் கையில் லேசாகி, அசையாமல் நின்றது. நான்கு பேர் உள்ளே. கயிற்றின் மறுமுனையில் எதிர்ப்பக்கம் தொங்கும் இரும்புப் பாரத்துக்குச் சரிசமம். மெக்கானிக் மூச்சு விட்டான். ஆனால் நிம்மதிக்கு நேரமில்லை. இதற்கு மேல் ஆள் குறைந்தால் பாரம் மறுபக்கம் சாயும். நழுவினால் லிஃப்ட் மேலே ஏறும். அவன் கையை மாற்றி, எதிர்த்திசையில் ஊன்றிக்கொண்டான்.

"அஞ்சு! ஆறு!" ஆறாவது, தலைமை ஆயர். பெரிய பெரிய மைதானங்களை அதிரவைத்த குரல்காரர், சின்னப் பிள்ளையில் அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தைத் திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டே விளிம்பில் தவழ்ந்து ஏறினார். ஏறியவர் ஓடிவிடவில்லை. திரும்பி மண்டியிட்டு நாற்காலிக்குக் கை நீட்டினார் என்று பிறகு சொன்னார்கள்.

"மாமாவைத் தூக்கறோம் தம்பி! பிடிங்க!"

"பிடிச்சிருக்கேன்!"

சக்கரம் எதிர்ப்பக்கம் இழுத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. கீழே இரும்பு உரசும் சத்தம், மாமனாரின் திட்டு, பிறகு போதகர்: "ஏழு!"

இனி அவள் ஒருத்தி மட்டும். வெற்று லிஃப்டில் ஒற்றை ஆள். எதிர்ப்பாரத்தின் இழுப்பு முழுவதும் இப்போது அவன் தோளில். அசைந்தால் அவள் வாசலில் இருக்கும்போது தரை மேலே ஏறும்.

"அசையாம நில்லு!" என்று துவாரத்தில் சொன்னான். "நான் சொன்னதும் வா."

"சரிங்க." குரலில் நடுக்கமில்லை. அதுதான் அவனைக் கொன்றது.

அவனுக்கு ஜெபம் எதுவும் வரவில்லை. தண்ணீரில் சாகவிருந்த பழைய ஆளைத் தேடினான்; அப்படி ஒருவன் அங்கே இல்லை. கையெழுத்துப் போட்ட கை இதுதான். பிடித்துக்கொண்டிருப்பதும் இதே கை. எல்லாம் தெரிந்தவர் ஒருவர் அந்த எண்ணெய் நாற்றம் பிடித்த அறையில் நின்று, இவனைப் பார்த்தும் முகம் திருப்பாமல் இருக்கிறார் என்று மட்டும் தோன்றியது. சக்கரம் நின்றது.

"இப்ப வா!"

ஒரு நிமிடம். அல்லது அதற்கும் குறைவு.

"எட்டு!" போதகரின் குரல் உடைந்தது. "எல்லாரும் வந்தாச்சு தம்பி. விட்டுடுங்க."

விரல்கள் பிரிய மறுத்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அவன் கூடத்துக்குத் திரும்பியபோது செயலாளர் தேறியிருந்தார். கமிட்டி ஆட்கள் எதிலிருந்தும் தேறிவிடுவார்கள். அவனைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"பிரதர், நேரலையை நிறுத்த மறந்துட்டாங்க. தொள்ளாயிரம் பேர் பாத்துட்டாங்க. பரவாயில்ல, இப்ப போய், இது சத்துருவோட தாக்குதல்னு ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. முன்னால சொன்னது பதட்டத்துல சொன்னதுன்னு முடிச்சிடலாம். உங்களுக்கும் நல்லது, சபைக்கும் நல்லது."

"தீர்மானம் போட்டுடலாம்" என்றார் கல்வெட்டு. ஒரு ஷூ இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

வழி மறுபடியும் திறந்திருந்தது, காலையில் இருந்ததைவிட அகலமாக. மெக்கானிக் தன் கையைப் பார்த்தான். கிரீசும் ரத்தமும்.

"இல்லீங்க ஐயா. நாளைக்கு லிஃப்ட் ஆய்வு ஆபீசுக்குப் போறேன். நடந்ததை எழுதிக் கொடுக்கப் போறேன். அவங்க வந்து சீல் வைக்கிற வரைக்கும் இதை யாரும் ஓட்டக் கூடாது. என் லைசென்ஸ் போயிடும். கேஸ் வந்தாலும் வரும்."

"மணியைப் பத்தி எழுதுவீங்களா?"

"எழுதுவேன். கழட்டினது நான்தானே."

"தீர்மானத்தைப் பத்தி?"

"கேட்டா சொல்லுவேன்."

செயலாளர் நிமிர்ந்தார். "அப்படீன்னா இன்னிக்கு உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. நீங்க சொன்னது குழு அனுமதிச்ச சாட்சி இல்ல."

போதகர் இன்னும் ஈர அங்கியோடு நின்றுகொண்டிருந்தார். குளிரில் பல் தட்டியது. கமிட்டிக்கு எதிராக அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் செயலாளரைப் பார்த்துப் பேசவில்லை.

"தம்பி, உங்களுக்கு முங்கணுமா?"

"முங்கினா இதெல்லாம் என்னை விட்டுப் போயிடும்னு நினைச்சேன் ஐயா. அதுக்குத்தான் வந்தேன். போகாதுன்னு இப்பத் தெரியுது."

"போகாது."

"அப்ப எதுக்கு முங்கணும்?"

போதகர் கண்ணாடியைத் தேடினார். அது தொட்டிக்குள் எங்கோ கிடந்தது. "நாளைக்கு அந்த ஆபீசுக்குப் போகணும்னீங்களே, யாரு போறது? பழைய ஆளா? அவன் எட்டு மாசமா போகலையே தம்பி. அதுக்கு வேற ஒருத்தர் வேணும்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். அவள் அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையை மட்டும் அசைத்தாள்.

அவன் தண்ணீரில் இறங்கியபோது அங்கியிலிருந்த கிரீஸ் பிரிந்து, கறுப்பாகப் படர்ந்து, நீல ஓட்டில் ஒட்டியது. கல்வெட்டு கண்ணை மூடிக்கொண்டார். போதகர் அவன் பிடரியில் ஒரு கை கொடுத்தார். தண்ணீர் காதை அடைத்தது. கயிற்றுச் சத்தமில்லை, மோட்டார் சத்தமில்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக எதையும் கவனித்துக் கேட்க வேண்டியதில்லாத அமைதி. தூக்கிவிடப்பட்டபோது உரிந்த உள்ளங்கை தீயாக எரிந்தது. கூட்டத்தில் யாரும் பழக்கத்தில் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முன்வரிசையில் ஒரு கிழவர் மெதுவாக, "ஸ்தோத்திரம்" என்றார், நன்றாக யோசித்துச் சொன்னவர் போல.

ஆராதனை முடிந்து மாமனாரை நாற்காலியோடு படி வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. முன்னால் மெக்கானிக்கும் போதகரும். பின்னால் தலைமை ஆயரின் உதவியாளர்கள் இருவர். மனைவி பைகளோடு கூடவே இறங்கினாள்.

"என்ன மாப்பிள்ளை, கையெல்லாம் உரிஞ்சிருக்கே" என்றார் மாமனார்.

"ஆமா மாமா. மன்னிச்சிடுங்க. நம்பறேன்னு சொன்னீங்க."

அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "கோபம் இருக்கு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய்த் திட்டறேன். இப்ப படியைப் பாத்து இறங்குங்க."

"அந்த ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பத்து மணிக்கு."

"வரிசை நிக்கும். ஒன்பதுக்கே போயிடுவோம்."

"நீயுமா?"

"பின்ன? இந்தக் கையை வச்சுக்கிட்டு நீங்க எப்படி எழுதுவீங்க? நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதறேன்." அவள் ஒரு படி முன்னால் இறங்கி, அவன் காலில் தட்டாமல் ஈர அங்கியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "குடிகாரன், பொண்டாட்டியை அடிச்சேன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க."

போதகர் சிரித்ததில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. "பிடிங்க, பிடிங்க" என்று மாமனார் கத்தினார். பிடித்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டு மாடி இருந்தது.